பிள்ளைகள் வேப்பை ஏன் விடப் பார்க்கிறார்கள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் சிங்கப்பூரில், உட்லண்ட்ஸ் பக்கம், வீட்டிலேயே தமிழ்த் துணைப்பாடம் நடத்துகிறவள். மருத்துவர் இல்லை, ஆலோசகரும் இல்லை. ஆனால் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் என் சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்கார ஆரம்பித்துப் பல வருடம் ஆகிறது. கட்டுரை எழுதச் சொன்னால் இரண்டு பத்திக்கு மேல் வராது. நோட்டை மூடிய பிறகு வாயைத் திறந்தால் நிற்காது. அந்தப் பேச்சில் கடந்த சில வருடமாக வேப் அடிக்கடி வருகிறது. பெற்றோரும் கேட்கிறார்கள், பெரும்பாலும் லிஃப்ட் வாசலில், குரலைத் தாழ்த்திக்கொண்டு. அவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் நான் திரும்பத் திரும்பச் சொல்லும் பதில்கள்தான் இவை.

வேப் என்று எதைச் சொல்கிறார்கள்?

செய்தித்தாளில் மின்சிகரெட் என்று போடுகிறார்கள். உள்ளே ஒரு சிறு மின்கலம், சூடாகும் கம்பிச் சுருள், நிக்கோட்டினும் சுவையூட்டியும் கலந்த திரவம். இழுத்தால் திரவம் சூடாகி ஆவியாக வருகிறது. புகையிலை எரிவதில்லை, சாம்பல் கிடையாது, உடையில் நாற்றம் ஒட்டாது. அதனால்தான் வீட்டில் தெரிவதில்லை. என் மேசையில் ஒரு பையனின் பென்சில் பையில் மஞ்சள் நிறத்தில் ஒன்று கிடந்தது. கோடு போடும் ஹைலைட்டர் என்று நினைத்து நானே எடுத்து மூடியைத் திறக்கப் பார்த்தேன். திறக்கவில்லை. மாம்பழ வாசம் வந்தது. அவன் முகத்தைப் பார்த்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.

பிள்ளைகள் உண்மையிலேயே விட நினைக்கிறார்களா, இல்லை மாட்டிக்கொண்டதும் அப்படிச் சொல்கிறார்களா?

நினைக்கிறார்கள். பெரியவர்கள் நம்ப மறுக்கிற விஷயம் இதுதான். அமெரிக்காவில் மாணவர்களிடம் ஆண்டுதோறும் எடுக்கும் தேசியப் புகையிலைக் கணக்கெடுப்பில், 2020இல் வேப் பழக்கம் இருந்த மாணவர்களில் 63.9 விழுக்காட்டினர் விட விரும்புவதாகச் சொன்னார்கள். அதற்கு முந்தைய ஒரு வருடத்தில் விட முயன்றதாகச் சொன்னவர்கள் 67.4 விழுக்காடு. இரண்டாவது எண்ணை இன்னொரு தடவை பாருங்கள். மூன்றில் இரண்டு பேர் ஏற்கெனவே முயன்று பார்த்துவிட்டார்கள். பலரும் வீட்டில் யாருக்கும் தெரியாமல் முயன்று, யாருக்கும் தெரியாமல் தோற்றிருப்பார்கள்.

அந்த மாம்பழ வாசப் பையன் அன்று சொன்னதும் அதேதான். "டீச்சர், நான் இதை நாலு தடவை தூக்கிப் போட்டுட்டேன்." ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பிளாஸ்டிக் பையில் சுற்றி, சமையலறைக் குப்பைக் குழாயில் போடுவானாம். ஒன்பது மாடி கீழே விழும் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்பானாம். புதன்கிழமைக்குள் புதிது ஒன்று கைக்கு வந்துவிடும். அவன் அம்மாவுக்கு முதலாவதே தெரியாது.

அப்படியானால் ஏன் விடப் பார்க்கிறார்கள்? புற்றுநோய்ப் பயமா?

இல்லை. நான் பேசிய பிள்ளைகளில் ஒருவர்கூடப் புற்றுநோயைச் சொன்னதில்லை. பதினைந்து வயதுக்கு நாற்பது வயது என்பது வேறு யாருக்கோ நடக்கப்போகிற விஷயம்.

அமெரிக்காவில் வேப் பழக்கத்தை நிறுத்தக் கைப்பேசிக் குறுஞ்செய்தி வழி உதவும் திட்டம் ஒன்று 2019 தொடக்கத்திலிருந்து நடக்கிறது. அதில் சேரும் இளையரிடம் ஏன் விட விரும்புகிறீர்கள் என்று கேட்டு, அவர்கள் எழுதிய பதில்களை ஆராய்ச்சியாளர்கள் வகை பிரித்துப் பார்த்தார்கள். ஏறத்தாழப் பாதிப் பேர் உடல்நலம் என்றார்கள். அடுத்து பணம். அதற்கடுத்து, இதற்கு அடிமையாகிவிட்டேன், அது எனக்குப் பிடிக்கவில்லை என்பது. பிறகு குடும்பம், காதலி, நண்பர்கள்.

இந்த வரிசை சரிதான். ஆனால் நான் காதால் கேட்டதில் மூன்றாவதுதான் மற்ற எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கிறது. பிள்ளை "காசு போகுது" என்பான். கொஞ்சம் பேச விட்டால், காசு போவதைவிட, காசு போவதைத் தன்னால் நிறுத்த முடியவில்லை என்பதுதான் அவனைத் தின்கிறது என்று தெரியும். கேன்டீனில் சாப்பிடாமல் மிச்சம் பிடித்த பணம், சீனப் புத்தாண்டு அங்பாவ் பணம், தீபாவளிக்கு மாமா கொடுத்தது எல்லாம் ஒரே இடத்துக்குப் போகிறது என்று அவனுக்கே கணக்குத் தெரியும். "என் காசை நான் எடுக்கலை டீச்சர், அது எடுக்குது" என்றாள் ஒரு பெண், உயர்நிலை நான்கு படித்தவள். கட்டுரையில் ஒரு நாளும் அவள் இப்படி ஒரு வாக்கியம் எழுதியதில்லை.

உடல்நலம் என்று சொல்லும்போது என்ன நினைக்கிறார்கள்?

இப்போது, இந்த வாரம், உடம்பில் தெரிவதை. பள்ளியில் நாஃபா உடலுறுதித் தேர்வில் 2.4 கிலோமீட்டர் ஓட வேண்டும். போன வருடம் சிரமமில்லாமல் ஓடியவன் இந்த வருடம் பாதி வழியில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடக்கிறான். காற்பந்துப் பயிற்சியில் மூச்சு வாங்குகிறது. காலையில் தொண்டை வறட்சி, சளி இல்லாத இருமல். படி ஏறினால் நெஞ்சு படபடக்கிறது. நிக்கோட்டின் இதயத் துடிப்பைக் கூட்டும், அது பிரமை இல்லை. ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கு இன்னும் சீக்கிரம் தெரிந்துவிடும்.

தூக்கமும் உண்டு. படுக்கைக்குப் பக்கத்தில் சார்ஜ் போட்டு வைத்துக்கொண்டு, நடு ராத்திரி விழித்து ஒரு இழுப்பு இழுத்துவிட்டுத் தூங்குகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். எழுந்தது ஏன் என்று யோசித்த அன்றுதான் விட வேண்டும் என்று தோன்றியதாகச் சொன்னவன் ஒருவன்.

பாப்கார்ன் நுரையீரல் வரும் என்று வாட்ஸ்அப்பில் வந்ததே? மகனுக்கு அனுப்பட்டுமா?

அனுப்பாதீர்கள். டையசெட்டைல் என்ற வெண்ணெய் மணத்துக்கான ரசாயனத்தைச் சுவாசித்த பாப்கார்ன் ஆலைத் தொழிலாளர்களுக்கு வந்த நோய் அது. சில வேப் திரவங்களிலும் அந்த ரசாயனத்தைக் கண்டார்கள், அங்கிருந்து கிளம்பிய பயம். பிள்ளை இரண்டு நிமிடம் தேடினால் இதைக் கண்டுபிடித்துவிடுவான், அப்புறம் நீங்கள் சொல்லும் உண்மையும் எடுபடாது.

நடந்ததைச் சொல்லுங்கள். 2019இல் அமெரிக்காவில் வேப் பிடித்தவர்களுக்குத் திடீரென்று கடுமையான நுரையீரல் பாதிப்பு வந்தது. 2020 பிப்ரவரி வரை 2,807 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள் அல்லது இறந்தார்கள், இறந்தவர்கள் 68 பேர். பெரும்பாலானவற்றில் காரணம் கஞ்சாச் சத்து கலந்த கள்ளச் சந்தைத் திரவத்தில் கெட்டியாக்குவதற்காகச் சேர்த்த வைட்டமின் ஈ அசிட்டேட். இதில் பிள்ளைக்கு உறைக்க வேண்டியது ஒன்றுதான். உள்ளே என்ன இருக்கிறது என்று விற்பவனுக்கும் தெரியாது. சிங்கப்பூரில் விற்பது முழுக்கவே கள்ளச் சரக்கு.

சிகரெட்டைவிட இதை விடுவது சுலபம் என்று நினைத்தேனே?

எல்லாரும் அப்படித்தான் நினைத்தோம். சிகரெட்டுக்கு ஒரு முடிவு உண்டு. பத்துப் பன்னிரண்டு இழுப்பில் தீர்ந்து, விரலைச் சுடும், தூக்கிப் போட வேண்டும், அடுத்ததற்கு வெளியே போக வேண்டும். வேப்புக்கு அந்த முடிவு கிடையாது. பாடத்துக்கு நடுவே கழிப்பறையில், பேருந்து நிறுத்தத்தில், போர்வைக்குள், எப்போது வேண்டுமானாலும் ஒன்று. நாளைக்கு எத்தனை என்று கேட்டால் எந்தப் பிள்ளையாலும் எண்ணிச் சொல்ல முடியாது.

இன்னொன்று, நிக்கோட்டின் உப்பு. பழைய மாதிரி நிக்கோட்டினை அதிகமாகப் போட்டால் தொண்டை எரியும், புதிதாக இழுப்பவன் இருமிவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவான். 2015இல் அமெரிக்காவில் வந்த ஜூல் கருவி பென்சாயிக் அமிலம் சேர்த்து அந்த எரிச்சலைக் குறைத்தது. அதன் 5 விழுக்காட்டுத் திரவத்தில் ஒரு மில்லிலிட்டருக்கு 59 மில்லிகிராம் நிக்கோட்டின். ஐரோப்பிய ஒன்றியம் அனுமதிக்கும் உச்ச அளவு 20 மில்லிகிராம்தான். எரிச்சல் இல்லாமல் நிறைய நிக்கோட்டின் போகும் வழி கிடைத்ததும் மற்றவர்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள். அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் 2017இல் 11.7 விழுக்காடாக இருந்த பழக்கம் 2019இல் 27.5 விழுக்காட்டுக்கு ஏறியது. 2024இல் 7.8 விழுக்காட்டுக்கு இறங்கியிருக்கிறது. இறங்கியது நல்ல செய்தி. ஆனால் மிச்சமிருப்பவர்களில் நாலில் ஒருவருக்கு மேல் தினமும் இழுப்பவர்கள். சும்மா ருசி பார்த்தவர்கள் போய்விட்டார்கள், மாட்டிக்கொண்டவர்கள் நிற்கிறார்கள்.

இழுத்த நிக்கோட்டின் பத்து இருபது விநாடியில் மூளைக்குப் போய்விடும். இரண்டு மணி நேரத்தில் ரத்தத்தில் அதன் அளவு பாதியாகிவிடும். உடனே உடம்பு அடுத்ததைக் கேட்கும். இருபத்தைந்து வயதுவரை வளர்ந்துகொண்டே இருக்கும் மூளை அந்தப் பாடத்தை நம்மைவிட வேகமாகக் கற்றுக்கொள்கிறது. வாய்ப்பாடு மட்டும் இந்த வேகத்தில் ஏறினால் எனக்குப் பாதி வேலை மிச்சம்.

படிப்புச் சுமை, மன அழுத்தம், அதனால்தான் இழுக்கிறேன் என்கிறாள் மகள். பொய் சொல்கிறாளா?

பொய் இல்லை. இழுத்ததும் அவளுக்கு உண்மையாகவே ஆசுவாசமாக இருக்கிறது. ஆனால் எதிலிருந்து? கடைசியாக இழுத்து இரண்டு மூன்று மணி நேரம் ஆனதும் எரிச்சல், படபடப்பு, புத்தகத்தில் மனம் நிற்காமை எல்லாம் நிக்கோட்டின் குறைவதாலேயே வரும். அடுத்த இழுப்பு அதைத் தணிக்கும். பிள்ளைக்குத் தெரிவதோ, "எனக்கு டென்ஷன், இது தணிக்குது" என்பது மட்டும். செருப்பு கடிக்கிறது என்று கழற்றி வைத்தால் சுகமாக இருப்பது போல. செருப்பை மாட்டிவிட்டதே அதுதான்.

இந்தச் சுழலைத் தானாகக் கண்டுபிடித்த பிள்ளைகள்தான் விடுவதில் உறுதியாக இருக்கிறார்கள் என்பது என் அனுபவம். ஓ நிலைத் தேர்வு எழுதிய பையன் ஒருவன் சொன்னான். இரண்டாம் தாளில் கடைசி முக்கால் மணி நேரம் கேள்வி எதுவும் கண்ணில் படவில்லையாம், கழிப்பறைக்கு எப்போது போகலாம் என்பதிலேயே நினைப்பு இருந்ததாம். தேர்வுப் பயத்துக்கு என்று தொடங்கியது தேர்வையே எழுத விடவில்லை. வெளியே வந்ததும் நண்பனிடம் கருவியைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு நடந்தே போனானாம். அன்றோடு விட்டான் என்று சொல்ல ஆசைதான். இல்லை, அதற்குப் பிறகும் இரண்டு தடவை விழுந்து எழுந்தான்.

மகளுக்கு வேப்புக்கு முன்பே இருந்த கவலையோ மனச்சோர்வோ இருக்கலாம், அதையும் பார்க்க வேண்டும். பள்ளி ஆலோசகரிடம் அதைத் தனியாகச் சொல்லுங்கள்.

தண்டம், போலீஸ் என்று பயந்து பழக்கத்தை விடுகிறார்களா?

சிங்கப்பூரில் 2018 பிப்ரவரி 1 முதல் வேப் வாங்குவது, வைத்திருப்பது, இழுப்பது மூன்றும் குற்றம். 2025 செப்டம்பர் 1 அன்று பிடி இறுகியது. முதல் தடவை பிடிபடும் 18 வயதுக்குட்பட்டவருக்கு 300 வெள்ளியாக இருந்த தண்டம் 500 ஆனது. பெரியவர்களுக்கு 500 வெள்ளி 700 ஆனது. இரண்டாம் தடவை என்றால் மறுவாழ்வுத் திட்டம். அதற்கு இரண்டு வாரம் முன்னால், ஆகஸ்ட் 17 தேசிய தினக் கூட்ட உரையில், இதை இனிப் போதைப்பொருள் பிரச்சினையாகவே பார்ப்போம் என்று பிரதமர் லாரன்ஸ் வோங் சொன்னார்.

பயம் வேலை செய்கிறது, கொஞ்சம். புதிதாகத் தொட நினைப்பவனை அது தள்ளி நிறுத்தும். ஏற்கெனவே பழகியவனை என்ன செய்கிறது என்றால், இன்னும் நன்றாக ஒளிக்கக் கற்றுக்கொடுக்கிறது. மேசைக்குக் கீழே இருந்தது சட்டைக் கைக்குள் போகிறது. தண்டம் கட்டிய ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும். பையன் தண்டத்துக்காக வருந்தவில்லை. அப்பா ஓவர்டைம் பார்த்து அந்தப் பணத்தைக் கட்டியதையும், அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் சாப்பிட்டதையும் பார்த்துத்தான் அவனுக்கு உள்ளே என்னவோ ஆகிவிட்டது. சட்டம் கொண்டுவந்த காரணம்தான், ஆனால் வேலை செய்தது அப்பாவின் மௌனம்.

ஜோகூர் பாலத்துக்கு அந்தப் பக்கம் கிடைக்கிறதே என்பார்கள். மலேசியாவின் ஜோகூர் மாநிலமும் 2016லேயே வேப் விற்பனைக்குத் தடை போட்டுவிட்டது. மலேசியா முழுவதும் 2024 அக்டோபர் 1 முதல் 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு விற்கக் கூடாது. கிடைப்பது வேறு, அனுமதிப்பது வேறு.

கேபாட் என்பது வேறா?

வேறு, மிகவும் வேறு. அந்த வகை வேப்பில் எட்டோமிடேட் இருக்கும். அறுவை சிகிச்சைக்கு முன் மயக்குவதற்கு ஊசி வழியாக மருத்துவர்கள் கொடுக்கும் மருந்து. அதை ஆவியாக்கி இழுத்தால் கை கால் இழுத்துக்கொள்ளும், நடை தள்ளாடும், பேச்சு குழறும், மூச்சு திணறும், சிலருக்குப் புத்தி பேதலிக்கும். 2025 ஜூலையில் சுகாதார அமைச்சர் ஓங் யி காங் சொன்ன கணக்குப்படி, பறிமுதல் செய்து சோதித்த 100க்கு மேற்பட்ட வேப்களில் ஏறத்தாழ மூன்றில் ஒன்றில் அது இருந்தது. செப்டம்பர் 1 முதல் அது போதைப்பொருள் சட்டத்தில் சி பிரிவில் தற்காலிகமாகச் சேர்ந்தது. நாட்டுக்குள் கொண்டுவருபவருக்கு 3 முதல் 20 ஆண்டு சிறை, 5 முதல் 15 பிரம்படி என்று அப்போது அறிவித்தார்கள். ஹாங்காங் அதே வருடம் பிப்ரவரியிலேயே அதை அபாயகரப் போதைப்பொருள் பட்டியலில் போட்டுவிட்டது.

விடுவதற்கு இதுவும் ஒரு காரணமாகிவிட்டது. நண்பன் புளோக்குக்குக் கீழே நடைப்பிணம் மாதிரி ஆடிக்கொண்டு நின்ற காணொளியைப் பார்த்த பிறகு, தன் கையிலிருப்பதில் என்ன இருக்கிறதோ என்ற சந்தேகம் வந்து பழக்கத்தை விட்டவர்கள் உண்டு. இழுத்தவர் நினைவில்லாமல் கிடந்தாலோ உடம்பு வெட்டி இழுத்தாலோ யோசிக்காமல் ஆம்புலன்சுக்கு 995ஐ அழையுங்கள். தண்டத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

விட நினைக்கிறவன் மூன்றே நாளில் ஏன் திரும்பப் போகிறான்?

ஏனென்றால் மூன்றாம் நாள்தான் மோசம். நிறுத்திய சில மணி நேரத்தில் தொடங்கும் அவதி இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்குப் போகும், பிறகு இரண்டு முதல் நான்கு வாரத்தில் படிப்படியாகத் தணியும். இதை யாரும் அவனுக்கு முன்கூட்டிச் சொல்வதில்லை. அதனால் மூன்றாம் நாள் எரிந்து விழும்போது, இனி வாழ்நாள் முழுக்க இப்படித்தான் இருக்கும்போல என்று நினைத்துவிடுகிறான். ஞாயிறு போட்டுப் புதன் வாங்கிய பையனின் கணக்கு இதுதான். அவனுக்கு நான் செய்தது, நாள்காட்டியில் புதன்கிழமையைச் சுற்றி வட்டம் போட்டு, அன்று சாயங்காலம் வகுப்பு இல்லாவிட்டாலும் வந்து உட்கார் என்று சொன்னது மட்டும். வந்தான். இரண்டு மணி நேரம் முறுக்கைக் கடித்துக்கொண்டு முறைத்தபடி உட்கார்ந்திருந்தான். முறுக்கு டப்பா காலி.

இரண்டாவது காரணம் நண்பர்கள். கழிப்பறையில் நாலு பேர் நின்றால் கருவி கை மாறும். விட்டவன் அந்தக் கூட்டத்தில் நிற்க முடியாது, நிற்காவிட்டால் கூட்டமே போய்விடும். பெரியவர்களுக்கு இது அற்பமாகத் தெரியலாம். பதினாலு வயதில் மதிய இடைவேளையை யாரோடு கழிப்பது என்பதைவிடப் பெரிய கேள்வி கிடையாது.

பெற்றோர் என்ன பேசினால் உதவும்?

முதலில் கேளுங்கள், "விடணும்னு நினைச்சிருக்கியா?" என்று. "எப்போதிலிருந்து, யார் கொடுத்தா, எவ்வளவு காசு" என்ற விசாரணை அப்புறம். முன்பு பார்த்த கணக்குப்படி, ஆமாம் என்ற பதில் வரத்தான் வாய்ப்பு அதிகம். அது வந்துவிட்டால் நீங்களும் பிள்ளையும் ஒரே பக்கம் வந்துவிட்டீர்கள். பிறகு ஏன் என்று கேளுங்கள், அவன் சொல்லும் காரணத்தையே பிடித்துக்கொள்ளுங்கள். ஓட முடியவில்லை என்று அவன் சொன்னால், நீங்கள் நுரையீரல் படத்தைக் காட்டாதீர்கள், சனிக்கிழமை அவனோடு பூங்காவில் நடக்கப் போங்கள்.

"நம்ம குடும்பத்துல யாராச்சும் இப்படி..." என்று தொடங்கும் வாக்கியத்தை விழுங்கிவிடுங்கள். வெட்கம் அவனிடம் ஏற்கெனவே வேண்டிய அளவு இருக்கிறது. அப்பா சிகரெட் பிடிப்பவராக இருந்தால் நிலைமை கொஞ்சம் சங்கடம். ஒரு வீட்டில் இரண்டு பேரும் ஒரே நாளில் நிறுத்துவது என்று பேசிக்கொண்டார்கள். அப்பா ஆறாம் நாள் தோற்று, மகனிடமே வந்து சொன்னார். அது கெட்டது என்று நான் நினைக்கவில்லை. மகன் அதற்குப் பிறகுதான் தன் தோல்விகளையும் வாய்விட்டுச் சொன்னான்.

எந்த உதவி பலன் தருகிறது?

தனியாகப் பல்லைக் கடிப்பதைவிட யாராவது கூட இருப்பது. முன்பு சொன்ன அமெரிக்கக் குறுஞ்செய்தித் திட்டத்தை 13 முதல் 17 வயதுப் பிள்ளைகளிடம் முறையாகச் சோதித்தார்கள். முடிவு 2024இல் வந்தது. ஏழு மாதம் கழித்து, செய்தி பெற்றவர்களில் 37.8 விழுக்காட்டினர் வேப் இல்லாமல் இருந்தார்கள், பெறாதவர்களில் 28 விழுக்காட்டினர். கைப்பேசியில் வரும் நாலு வரி இவ்வளவு செய்கிறது. உதவியே இல்லாமலும் நாலில் ஒருவருக்கு மேல் விட்டிருக்கிறார்கள் என்பதையும் கவனியுங்கள்.

மருந்தும் உண்டு. 2025இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில் 16 முதல் 25 வயதுள்ளவர்களுக்கு, குறுஞ்செய்தியோடும் ஆலோசனையோடும் சேர்த்து, வரெனிக்ளின் மாத்திரை கொடுத்தார்கள். 12 வாரத்தில் 51 விழுக்காட்டினர் விட்டிருந்தார்கள், மருந்தில்லாத போலி மாத்திரை பெற்றவர்களில் 14. ஆறு மாதத்தில் அது 28க்கும் 7க்கும் இறங்கியது. மாத்திரை கைகொடுக்கிறது, அதுவே எல்லாம் இல்லை. பிள்ளைக்குப் பொருந்துமா என்று மருத்துவர்தான் சொல்ல வேண்டும், நிக்கோட்டின் மெல்லும் பசையும் ஒட்டும் பட்டையும்கூட அப்படித்தான்.

சிங்கப்பூரில் சுகாதார மேம்பாட்டு வாரியத்தின் கைவிடல் உதவி எண் 1800 438 2000. தாமாக முன்வந்து உதவி கேட்பவர்களுக்குத் தண்டனை கிடையாது என்று அரசாங்கம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. இதைத்தான் பிள்ளைகள் நம்ப மறுக்கிறார்கள். "போன் பண்ணினா புடிச்சிடுவாங்க" என்பார்கள். பக்கத்தில் உட்கார்ந்து, உங்கள் கைப்பேசியிலிருந்து நீங்களே அழையுங்கள்.

நிக்கோட்டின் இல்லாத வேப்புக்கு மாறிப் படிப்படியாக விடலாமா?

இங்கே அதுவும் சட்டவிரோதம். தவிர, பெட்டியில் பூஜ்யம் என்று எழுதியிருப்பதை நம்ப வழியில்லை. கை வாய்க்குப் போகும் பழக்கமும் அப்படியே இருக்கும்.

டிசம்பர் விடுமுறைக்கு ஊருக்குப் போகிறோம். அங்கே யாரும் கேட்க மாட்டார்கள் என்கிறான்.

இந்தியாவிலும் தடைதான். 2019 செப்டம்பரில் அவசரச் சட்டமாக வந்து, டிசம்பரில் சட்டமானது. பெட்டியில் வைத்துக் கொண்டுபோவதை நினைத்தும் பார்க்க வேண்டாம். ஆனால் ஊர்ப் பயணம் விடுவதற்கு நல்ல நேரம். வழக்கமான கழிப்பறை, வழக்கமான கூட்டம் எதுவும் இல்லை. தாத்தா வீட்டில் பத்துப் பேருக்கு நடுவே தூங்கும்போது போர்வைக்குள் இழுக்க முடியாது. மோசமான மூன்று நாளும் கல்யாணச் சந்தடியில் கழிந்துவிடும். திரும்பி வந்து இறங்கும் முதல் வாரத்தைத்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆறு வாரம் விட்டுவிட்டு நேற்று ஒரு இழுப்பு இழுத்துவிட்டான். எல்லாம் போச்சா?

போகவில்லை. ஆறு வாரம் ஆறு வாரம்தான். எங்கே, யாரோடு, எத்தனை மணிக்கு என்று கேட்டு வையுங்கள், அடுத்த தடவை அந்த இடத்தைச் சுற்றிப் போகலாம்.

மகனின் வேப் என் கையில் இருக்கிறது. இப்போது இதை என்ன செய்வது?

மறைத்து வைத்துக்கொள்ளாதீர்கள், வீட்டில் வைத்திருப்பதே குற்றம். குப்பைக் குழாயில் போடாதீர்கள். உள்ளே இருப்பது லித்தியம் மின்கலம், நசுங்கினால் தீப்பற்றும். திரவம் சின்னப் பிள்ளை கையில் பட்டு வாயில் போனால் விஷம், தம்பி தங்கை இருக்கும் வீட்டில் கவனம். 2025 ஆகஸ்ட்டிலிருந்து சமூக மன்றங்களில் வேப் போடுவதற்கென்றே தொட்டிகள் வைத்திருக்கிறார்கள். பெயர் கேட்பதில்லை. முடிந்தால் மகனையும் கூட்டிக்கொண்டு போய், அவன் கையாலேயே போடச் சொல்லுங்கள். அந்த மாம்பழ வாசப் பையன் ஐந்தாவதை அங்கேதான் போட்டான். ஒன்பது மாடிச் சத்தம் இல்லை, டக்கென்று ஒன்று கேட்டது, அவ்வளவுதான். பிறகு பசிக்கிறது என்றான். எதிரே காப்பிக்கடையில் ஆளுக்கொரு பரோட்டா சாப்பிட்டோம், அவன் காசில்.